மாமாவின் லோரிக்கு ஒரு கேசட்

உங்கள் தாய்மாமன் எதிர்முகாம் கட்சிக்காரர், அவர் வந்து மாலை போட்டால்தான் உங்கள் அக்காவின் கல்யாணம் நடக்கும் என்றால், நீங்கள் என்ன செய்வீர்கள்?

மன்னிப்புக் கேட்பீர்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் வைத்துக்கொண்டு போய் அவர் வாசலில் நிற்பீர்கள். புத்தியுள்ள யாரும் அதைத்தான் செய்வார்கள். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. இரண்டாம் ஆண்டில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. மாமாவின் மனதையே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். மனம் மாறிவிட்டால் அப்புறம் சண்டை ஏது?

சண்டையே என்னால் வந்ததுதான். எண்பதுகளின் கடைசி. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா எதிர்க்கட்சி அனுதாபி. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர் என்பதால் சத்தமில்லாத அனுதாபி. எனக்கு அந்தத் தொல்லை இல்லை. தேர்தல் நேரத்தில் பக்கத்துத் திடலில் எதிர்க்கட்சியின் செராமா, அதாவது பிரச்சாரக் கூட்டம். பேச வேண்டிய பெரிய ஆள் இன்னும் வந்து சேரவில்லை. கூட்டம் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு கொட்டாவி விட்டது. "காலேஜ் பிள்ளைங்க யாராச்சும் வந்து ரெண்டு வார்த்த பேசுங்க லா" என்று மைக்கில் கெஞ்சினார்கள். ஏறிவிட்டேன். ஆளுங்கூட்டணியில் இருக்கும் நம் இந்திய வம்சாவளிக் கட்சியின் தலைவர்களுக்கு மாலை வாங்கி வாங்கிக் கழுத்து நீண்டுவிட்டது, இனி ஒட்டகச்சிவிங்கிக்குச் சட்டை தைக்கிற தையல்காரரைத்தான் தேட வேண்டும் என்று சொன்னேன். கூட்டம் கொட்டாவியை விட்டுவிட்டுச் சிரித்தது.

அந்தக் கட்சியில்தான் மாமா கிளைச் செயலாளர். அம்மாவின் ஒரே தம்பி. கிள்ளானில் வீடு, துறைமுகத்திலிருந்து மாவு மூட்டை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். நான் சொன்னது கிள்ளானுக்கு பஸ்ஸைவிட வேகமாகப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா வந்தார். செருப்பைக் கழற்றவில்லை.

"அக்கா, எங்க அந்த ஒட்டகச்சிவிங்கி?"

"உள்ள வாடா தம்பி. பசியாறிட்டுப் பேசு," என்றார் அம்மா.

"பசியெல்லாம் ஆறிப்போச்சு. கிள்ளான்ல ஒரு பய விடாம கேக்குறான், 'என்ன செயலாளரே, ஒங்க அக்கா மக மேடை ஏறிட்டாளாமே'ன்னு. நான் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?"

அப்பா பேப்பரை இறக்காமலே சொன்னார்: "இப்ப இருக்கிற எடத்துலயே வெச்சுக்க மச்சான். நல்லாத்தான இருக்கு."

அவ்வளவுதான். மாமா போய்விட்டார். தீபாவளிக்கும் வரவில்லை.

பிறகு அக்காவுக்கு மாப்பிள்ளை அமைந்து, மண்டபமும் பிடித்தாகிவிட்டது. எங்கள் வழக்கத்தில் தாய்மாமன்தான் பெண்ணுக்கு முதல் மாலையைப் போட வேண்டும். அது விழுந்த பிறகுதான் மாப்பிள்ளை வீட்டு மாலை, தாலி, மற்றதெல்லாம். ஒன்றுவிட்ட மாமா ஒருவரைப் பிடித்து நிறுத்தலாமே என்று அப்பா ஒரு யோசனை சொன்னார்.

"என் தம்பி உசுரோட இருக்கான்," என்றார் அம்மா. "அவன் மாலை போடாம எம்புள்ள மணவறையில ஒக்கார மாட்டா. நானும் மண்டபத்துக்கு வர மாட்டேன்."

அம்மா போன் செய்தால் மாமா 'ராங் நம்பர்' என்று வைத்துவிடுவார். சொந்த அக்காவின் குரலுக்கு ராங் நம்பர். அக்கா என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "இங்க பாரு. ஒன் கட்சி, அவரு கட்சி, ரெண்டும் நாசமா போகட்டும். எனக்கு மாலை வேணும். நீதான கெடுத்த, நீயே சரி பண்ணு."

என் முதல் யோசனை பத்திரிகை. அப்போது தமிழ்ப் பேப்பர்கள் இரண்டு முகாம். எங்கள் வீட்டில் ஒன்று, மாமா வீட்டில் இன்னொன்று. எங்கள் பேப்பரின் வாசகர் பக்கத்தில் நான் ஏற்கெனவே பல கடிதங்கள் எழுதியிருந்தேன். பாராட்டிப் பதில் எழுதியவர்கள் எல்லாரும் எங்கள் பக்கத்து ஆட்கள். நாங்களே எழுதி, நாங்களே படித்து, எங்களுக்கே கை தட்டிக்கொண்டிருந்தோம். மாமா அந்தப் பேப்பரை மீன் சுற்றி வந்தால்கூடப் பிரித்துப் படிக்க மாட்டார். அவர் பேப்பருக்கு எழுதினேன், போடவில்லை.

அப்புறம்தான் லோரி ஞாபகம் வந்தது. நாள் முழுக்க லோரிக்குள் கேசட் ஓடும். பழைய சோகப் பாட்டுகள். முன்பெல்லாம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பாட்டுப் பதிவுக் கடையில் அவருக்குப் பிடித்ததைப் பதிவு செய்து அம்மாதான் அனுப்புவார். எதிராளியின் காதுக்கு நேராகப் போகிற வழி எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது!

கடைக்காரரிடம் பாட்டுகளைச் சொல்லி, இரண்டு பாட்டுக்கு ஒருமுறை நடுவில் வெற்றிடம் விடச் சொன்னேன்.

"என்னாத்துக்கு தங்கச்சி எடம் விடணும்?"

"விளம்பரம் போடத்தான்ணே."

"ரேடியோ ஸ்டேஷன் தொறக்கப் போறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே இடம் விட்டுப் பதிவு செய்து கொடுத்தார்.

மத்தியான நேரத்தில், அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது, அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு அந்த வெற்றிடங்களில் பேசினேன். ரயில் போகும்போதெல்லாம் நிறுத்த வேண்டியிருந்தது. வானொலி அறிவிப்பாளர் குரல் எனக்கு நன்றாக வரும். "அன்பான நேயர் ஒருவருக்கு வணக்கம். லோரியை நிறுத்த வேண்டாம் மாமா, ஓட்டிக்கொண்டே கேளுங்கள்" என்று ஆரம்பித்தேன். உங்கள் கிளை அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் புறம்போக்கு வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் வரும் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் சொல்கிறீர்களே, வந்ததா என்று கேட்டேன். எங்கள் கட்சி ஏன் சரி, உங்கள் கட்சி ஏன் தவறு என்று படித்ததையெல்லாம் கொட்டினேன். ஒரு வெற்றிடம் மிச்சம் இருந்தது. அதில் மாமாவின் தொகுதித் தலைவர் மாதிரி பேசிக் காட்டினேன். பரிசளிப்பு விழா ஒன்றில் அவரைக் கேட்டிருக்கிறேன். வாக்கியத்துக்கு ஒருமுறை தொண்டையைக் கனைப்பார், குழாயைப் பற்றிக் கேட்டால் கலாச்சாரத்தைப் பற்றிப் பதில் சொல்வார். விளையாட்டாகத்தான் செய்தேன்.

அம்மா கல்யாணப் பத்திரிகையோடு கிள்ளானுக்குப் போனபோது கேசட்டையும் கொடுத்தனுப்பினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியாது. மாமா வாசலிலேயே பத்திரிகையை வாங்கிக்கொண்டு "பாக்கலாம்" என்றாராம். கேசட்டை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாராம்.

அடுத்த வாரம் அத்தை மூலமாக ஒரு கேசட் திரும்பி வந்தது. பாட்டு இல்லை. லோரி எஞ்சின் சத்தம், கியர் போடுகிற சத்தம், அதற்கு மேலே மாமா.

"பாப்பா. கேட்டேன். செமினிக்கு மூட்ட ஏத்திட்டுப் போற வழியில கேட்டேன், திரும்பி வர்றப்பவும் கேட்டேன். நல்லாத்தான் பேசற. கொழாய் வரல, ஒத்துக்கறேன். நானும் கூட்டத்துல கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா ஒண்ணு சொல்லு. ஒங்க கட்சி அந்தக் கொழாய எப்படிப் போடும்? அவங்க ஆட்சிக்கே வரப் போறதில்ல, ஒனக்கே தெரியும். நீ ரோட்டுல நின்னு கத்தற. நான் வீட்டுக்குள்ள நின்னு கத்தறேன். யாரு கத்தறது அடுப்படிக்குக் கேக்கும்? (ஹாரன்.) போடா டேய், லைட்டு போட்டுத் திரும்ப மாட்டியா! ஒன்ன சொல்லல பாப்பா, இந்த மோட்டார்க்காரன... அப்புறம், அந்தத் தொகுதித் தலைவர் மாதிரி பேசின பாரு. சிரிச்சு சிரிச்சு பிரேக்கு போட மறந்துட்டேன். இன்னும் கொஞ்சம் அந்த மாதிரி பேசி அனுப்பு. ரயில் சத்தம் இல்லாம."

இதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். அடுப்படி விஷயத்தைப் பல்கலைக்கழகத்தில் நண்பர்களிடம் கேட்டேன். "அது அடிமை மனப்பான்மை" என்றார்கள். அதை மாமாவிடம் சொன்னால் லோரி நிற்குமா என்று யோசித்தேன், நிற்காது. ஆனாலும் அவர் சிரித்திருக்கிறார், குழாய் வரவில்லை என்று ஒத்துக்கொண்டிருக்கிறார், இன்னும் வேண்டும் என்கிறார். மனம் அசைகிறது என்பதற்கு வேறு என்ன அடையாளம் வேண்டும்?

இரண்டாவது கேசட்டை நண்பியின் விடுதி அறையில் பதிவு செய்தேன். ரயில் சத்தம் இல்லை. தொகுதித் தலைவரை உரித்துத் தொங்கவிட்டேன். முடிவில், "ஆகவே இந்தக் கட்சியை விட்டு வெளியே வாருங்கள்" என்று அறிவிப்பாளர் குரலில் அழைப்பும் விடுத்தேன். அதற்கு மாமாவிடமிருந்து பதில் வரவில்லை. வேறு இடத்திலிருந்து வந்தது.

அக்காவின் கல்யாணத்துக்கு நாதஸ்வரப் பாட்டுகள் வாங்க அந்தப் பதிவுக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு கேசட்டை எடுத்து ஆட்டினார்.

"தங்கச்சி, சிரிக்கணுமா? இதக் கேளுங்க. கிள்ளான்ல இருந்து வந்திருக்கு. ராத்திரி பாசார் மாலாம் சந்தைல விக்கிறானுங்களாம். யாரோ ரேடியோல வேல செய்யற பொண்ணு பேசுதாம்."

போட்டார். என் குரல். தொகுதித் தலைவர் கனைத்தார், கலாச்சாரத்தைப் பற்றிப் பேசினார். கடையில் நின்ற இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்களில் ஒருவரின் சட்டையில் மாமாவின் கட்சிச் சின்னம் குத்தியிருந்தது! எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. அடுத்து என் அழைப்பு வரும் என்று காத்திருந்தேன். "ஆகவே," என்றேன் நான். அங்கே வெட்டு. அதற்கு மேல் வந்தது மாமாவின் குரல்: "ஆகவே தோழர்களே, நம் கட்சியை நாமே சுத்தம் செய்வோம். கிளைத் தேர்தலில் மாற்றத்துக்கு வாக்களிப்போம்."

"எப்டி?" என்றார் கடைக்காரர்.

"நல்லா இருக்குண்ணே," என்றேன். வேறென்ன சொல்வது.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கிளைத் தலைவராக இருந்தவர் தொகுதித் தலைவரின் ஆள். அவரை எதிர்த்து மாமா நிற்கிறார். நான் கட்சியைக் கவிழ்க்கச் செய்த கேசட், அந்தக் கட்சியின் உள்சண்டையில் ஒரு கோஷ்டிக்குப் பிரச்சாரமாகிவிட்டது. எனக்கு அதுவரை எதிராளி என்றால் அந்தப் பக்கம் முழுக்க ஒரே ஆள். அந்தப் பக்கத்துக்குள்ளேயே இரண்டு பக்கம் இருக்கும் என்று ஒரு பாடப்புத்தகத்திலும் இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். நான் பார்த்த வரையில் முதல்முறையாகப் பேப்பரை மடித்து வைத்தார்.

"எழுது. நம்ம பேப்பர்ல எழுது. 'அந்தக் குரல் என்னுடையது, நான் எதிர்க்கட்சி, என் பேச்சை வெட்டிவிட்டார்கள்'னு ஒரு கடிதம். எதிர்க்கட்சிப் பொண்ணோட குரல வெச்சு ஓட்டு கேட்டான்னு அவன் கட்சியே அவன வெளிய தள்ளிடும்."

"அப்புறம் மாலை?"

அப்பா பேப்பரை மறுபடியும் விரித்துக்கொண்டார்.

கடிதத்தை எழுதினேன். தபாலில் போடவில்லை, கைப்பையில் வைத்துக்கொண்டு கிள்ளான் பஸ் ஏறினேன். மாமா ஒரு சாப்பாட்டுக் கடை ஓரத்தில் லோரியை நிறுத்திவிட்டு ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒரு வருஷச் சண்டை என்று ஒன்று இருந்ததாகவே முகத்தில் இல்லை.

"வா வா. என்ன குடிக்கற? அண்ணே, இங்க ஒரு தே தாரிக்!"

"மாமா, என் பேச்ச வெட்டிட்டீங்க."

"வெட்டல பாப்பா. சுருக்கினேன். நீளமா இருந்தா எவன் கேப்பான்?"

"நான் கட்சிய விட்டு வெளிய வாங்கன்னு சொன்னேன். நீங்க கட்சிக்குள்ள ஓட்டு கேக்குறீங்க!"

"எங்க தொகுதித் தலைவர் சரியில்லன்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"அத நான் ஒத்துக்கிட்டேனா இல்லியா?"

"ஒத்துக்கிட்டீங்க, ஆனா..."

"ஊரே கேக்குது. போன மாசம் வரைக்கும் அந்த ஆளப் பாத்தா எந்திரிச்சு நின்ன பயலுங்க, இப்ப அவரு கனைச்சாலே சிரிக்கிறானுங்க. நீ கேட்டது இதத்தான?"

இதைத்தானா? "அப்போ நான் சொன்னது சரின்னு ஒங்களுக்குப் பட்டுச்சா இல்லையா?"

"படாமயா ஊருக்கே போட்டுக் காமிச்சேன்?"

"அப்போ அடுத்த தேர்தல்ல எங்க கட்சிக்கு ஓட்டு போடுவீங்களா?"

மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒனக்கென்ன பைத்தியமா?"

கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். "நீங்க அக்காவுக்கு மாலை போட வரணும். வரலன்னா இது பேப்பர்ல வரும்."

மாமா அதைப் படிக்கவில்லை. ரொட்டிக் கையோடு தொடாமல் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இப்பத்தான் பாப்பா நீ அரசியல் பேசற."

வருவேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தே தாரிக்குக்கு அவரே கொடுத்துவிட்டு லோரியில் ஏறினார்.

கிளைத் தேர்தலில் மாமா ஜெயித்தார். கல்யாணத்தன்று காலையில் மண்டப வாசலில் ஒரு வேன் நின்றது. மாமா பட்டு வேட்டியில் இறங்கினார், பின்னால் அத்தை மாலைத் தட்டோடு, அதற்குப் பின்னால் கிளை ஆட்கள் ஒரு பட்டாளம். அம்மா ஓடிப்போய்த் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா "வாங்க" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்பது தெரியவில்லை.

இதில் ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. அன்று மைக்கில் அறிவிப்புச் செய்கிற வேலை என்னுடையது. படித்த பிள்ளை என்று சில மாதங்களுக்கு முன்பே ஒப்படைத்திருந்தார்கள். நல்ல நேரம் நெருங்கியது. எனக்குத் தெரிந்த அறிவிப்புக் குரல் ஒன்றுதான். "மணப்பெண்ணின் தாய்மாமன் அவர்கள் மாலை அணிவிக்க மேடைக்கு வருமாறு அன்புடன் அழைக்கிறோம்" என்றேன்.

கிள்ளான் வரிசையில் தலைகள் சட்டென்று திரும்பின.

"டேய், இது அந்தக் கேசட்டுப் பொண்ணு டா!"

"ஆமாலா! அதே கொரலு!"

"தலைவரே, நம்ம கட்சிப் பொண்ணு ஒங்க வீட்டுப் பொண்ணா? அன்னைக்கு எதிர்க்கட்சி மேடை ஏறினது வேற மகளா? சொல்லவே இல்ல!"

கை தட்டினார்கள். ஒருவர் விசிலடித்தார். மாமா மேடையில் மாலையோடு நின்றார். கையைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் அப்பாவும் என் வாயைத்தான் பார்த்தார். அவர் கண்ணில் 'சொல்லு' என்று இருந்தது. மைக் என் கையில். நான் உங்கள் கட்சிப் பொண்ணு இல்லை, எதிர்க்கட்சிப் பொண்ணு என்று ஒரு வாக்கியம் போதும். மணவறையில் குனிந்த தலை நிமிராமல் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்கு மட்டும் கேட்டது: "வாயத் தொறந்த, கொன்னுருவேன்."

"தாய்மாமன் மாலை அணிவிக்கிறார்," என்றேன். மேளம் அடித்தார்கள். மாலை விழுந்தது.

பந்தியில் கிளை ஆட்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "ஒங்க பேச்சக் கேட்டுத்தான் தங்கச்சி நான் ஒங்க மாமாவுக்குப் போட்டேன்" என்று ஒருவர் கை கூப்பினார். இன்னொருவர், கொஞ்சம் வயதானவர், மற்றவர்கள் பாயசத்துக்குப் போகும்வரை காத்திருந்து என் பக்கம் சாய்ந்தார்.

"மொத கேசட்டு, முழுசா, லோரியில ஒங்க மாமா எனக்குப் போட்டுக் காமிச்சாரும்மா. கொழாய் வெசயமெல்லாம் கேட்டேன். ஞாயமாத்தான் பேசறீங்க."

கடைசியில் ஒரு ஆள்! "அப்போ எங்க பக்கம் வந்துடுவீங்களா அங்கிள்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இல்லம்மா. ஒங்க மாமா சொன்ன பதிலயும் கேட்டேன். அதுவும் ஞாயமாத்தான் இருக்கு. இனிமே நான் யாருக்கும் ஓட்டு போடறதா இல்ல." சொல்லிவிட்டு எனக்கு நல்லது செய்துவிட்டது போலத் தலையை ஆட்டிவிட்டு, அப்பளம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மாமா என் மிரட்டலுக்குப் பயந்து வந்தாரா, தலைவரான பிறகு நாலு பேர் முன்னால் மாலை போடுகிற கௌரவத்துக்காக வந்தாரா, அக்காவுக்காக வந்தாரா என்று எனக்குத் தெரியாது. அத்தையிடம் கேட்டேன், "அவரு எப்பவுமே வர்றதாத்தான் இருந்தாரு" என்றார். அப்படியானால் நான் எதற்குக் கிள்ளான் வரைக்கும் போனேன்? அவர் மனதை நான் மாற்றினேனா, அவர் என் குரலை மாற்றினாரா, இரண்டு பேரும் சேர்ந்து அந்த அங்கிளைக் கெடுத்தோமா? பல்கலைக்கழக நண்பர்கள் நான் விலைபோய்விட்டதாகப் பேசிக்கொண்டார்கள். அப்பா கொஞ்ச நாள் என்னிடம் உப்பைக்கூடக் கேட்டு வாங்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும், போன தேர்தலில் வாக்குச்சீட்டைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நேரத்தில், பின்னால் இருந்தவர் தொண்டையைக் கனைத்தார். யாருக்குப் போட்டேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. சரியாகப் போட்டேனா என்று எனக்கே உறுதியில்லை.

மாமா இப்போது ஹாலில் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேர் மடியிலும் அவரவர் பேப்பர். டிவியில் பூப்பந்து ஆட்டம் ஓடுகிறது.